பதின்மூன்றாவது வில்லுக்கத்தி

எட்டு வயதில் என் வகுப்புப் பிள்ளைகள் கிரிக்கெட்காரர்களின் படம் சேர்த்தார்கள், பளபளக்கும் ஸ்டிக்கர் சேர்த்தார்கள். நான் வில்லுக்கத்தி சேர்த்தேன். பெட்டைப் பிள்ளைக்கு இது என்ன பழக்கம் என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அதைத்தான் கேட்டார், பூவரசந் தடியோடு.

வில்லுக்கத்தி என்றால் பெரிய ஆயுதம் ஒன்றும் இல்லை. மடித்தால் ஒரு விரல் நீளம். பாக்குச் சீவ, நகம் வெட்ட, மாங்காய் நறுக்க என்று ஊர் ஆண்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த சாமான். முதுகுப்புறம் ஒரு வில்லுத் தகடு இருக்கும். அலகின் பள்ளத்தில் நகத்தை மாட்டிக் கிளப்பினால் டக் என்று நிமிரும், அமத்தினால் டக் என்று மடங்கும். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது.

அப்போது சண்டை முடிந்து நாங்கள் அக்கராயனுக்குத் திரும்பி வந்து இரண்டாம் வருடம். அப்பா வவுனியாவில் மேசன் வேலை, மாதம் ஒருமுறை வருவார். எங்கள் பழைய வீட்டில் மிஞ்சியது ஒரு கதவுநிலை மட்டும்தான். சுவர் இல்லை, கூரை இல்லை, வளவின் நடுவில் நிலை மட்டும் தனியாக நின்றது. அதற்குப் பின்னால் தகரக் கொட்டிலில் இருந்தோம். சுற்றிப் போக எவ்வளவு இடம் கிடந்தும் நான் நிலைக்குள்ளால்தான் போய்வருவேன். அம்மாவும் அப்படித்தான் போய்வந்தார் என்பதைக் கனநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

ஒவ்வொரு மழைக்கும் நிலத்திலிருந்து கரண்டி, சீப்பு, சைக்கிள் மணி என்று என்னென்னவோ எட்டிப் பார்க்கும். ஆனால் நிலத்தில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடக்கூடாது, கண்டால் ஓடிவந்து சொல்லவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கண்ணிவெடிப் படம் காட்டிச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் துணிச்சல்காரிதான், ஆனால் விசரி இல்லை. ஆகையால் என் கத்திகள் எல்லாம் இரும்பு மாமாவிடமிருந்து வந்தவை.

இரும்பு மாமா பழைய இரும்பு எடுக்கிறவர். தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். நாங்கள் ‘ஓம்’ என்கிற இடத்தில் அவர் ‘ஆமா’ என்பார். மாதத்தில் இரண்டு தரம் சைக்கிளில் சாக்குக் கட்டிக்கொண்டு வருவார். நான் குடைக்கம்பி, உடைந்த தாச்சி, சிலவேளை உடையாத கரண்டியும் கொடுப்பேன். பதிலுக்கு அவர் சாக்கைத் துழாவி ஒரு கத்தியை எடுத்து நிலத்தில் வைப்பார். கையில் தரமாட்டார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகுமாம். பேரம் பேசுவதில் ஆள் கெட்டிக்காரர். “இந்தக் கம்பிக்கு இவ்வளவு பெரிய கத்தியா? நான் எப்படிப் பொழைக்கிறது பாப்பா?” என்று அழுவார்.

இப்படிப் பன்னிரண்டு கத்தி சேர்ந்தது. பால்மாப் பேணி ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். கதவுநிலையின் கீழே வரிசையாக அடுக்கிவைத்து, ஒவ்வொரு கத்தியின் சொந்தக்காரரையும் கூப்பிட்டுக் கதைப்பதுதான் என் விளையாட்டு. அலகில் கறுப்புக் கறை இருந்தால் அவர் மாங்காய்க்காரர். பிடி கடிபட்டிருந்தால் அவர் கோபக்காரர். நெடுகப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கணக்குப் பிடிபட்டிருந்தது: பெருவிரல் தேய்த்த பள்ளம் எந்தப் பக்கம், அலகு எந்தக் கன்னத்தில் தேய்ந்திருக்கிறது, ஆள் இறுக்கிப் பிடிக்கிறவரா பொத்திப் பிடிக்கிறவரா. இந்த ஆட்களெல்லாம் இப்போது எங்கே என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கத்தி இருக்கிறது, ஆள் இல்லை. எங்கள் ஊரில் அது ஒரு புதினமா?

எங்களோடு பெரியம்மாவும் இருந்தார். அம்மாவின் மூத்த அக்கா. வற்றாப்பளைப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவர், பிள்ளைகள் இல்லை. கடைசி இடப்பெயர்வில் பெரியப்பாவோடு வெளிக்கிட்டவர், முகாமுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் “சனத்துக்குள்ளை கைவிட்டிட்டன்” என்றார்.  நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. பெரியப்பாவை நான் கைக்குழந்தையாக இருந்தபோது கண்டதோடு சரி.

அலுமாரிக்கு மேலே ஒரு படிவம் கிடந்தது. ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையார் கொடுத்தது. பெரியப்பா இறந்துவிட்டார் என்று பதிவதா, காணவில்லை என்று விடுவதா என்பதைப் பெரியம்மா எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். அம்மா கிழமைக்கு ஒருதரம் அதைத் தூசி தட்டுவார்.

“அக்கா, ஒண்டில் எழுதிக் குடு, இல்லாட்டிக் கிழிச்செறி. இப்பிடி ரெண்டுங்கெட்டானாய் எவ்வளவு காலம் இருப்பாய்?”

“பாப்பம்” என்பார் பெரியம்மா.

அது ஆவணி விடுமுறை. சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசியது. இரணைமடுக் குளத்திலேயே தண்ணீர் எங்கேயோ நடுவில்தான் கிடக்கிறதாம் என்று சனம் கதைத்தது. ஒருநாள் உச்சி வெயிலில் இரும்பு மாமா வந்தார். சாக்கைத் துழாவவில்லை. சேட்டுப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நிலத்தில் வைத்தார். நான் குடைக்கம்பியை நீட்டினேன்.

“வேணாம் பாப்பா. இது சும்மா. வச்சுக்க” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பினார்.

சும்மா! கம்பிக்கு அழுகிற மனிதர்! எனக்குச் சந்தோசத்தில் தலைகால் தெரியவில்லை. எருமைக்கொம்புப் பிடி, இரண்டு பித்தளை ஆணி. சாக்குக்குள் கிடந்து வந்த மற்றக் கத்திகளெல்லாம் துருப்பிடித்துக் கிடக்க, இதில் ஒரு பொட்டுத் துரு இல்லை. தேங்காயெண்ணெய் மணத்தது. கையில் எடுத்தபோது ஆள் இப்போதுதான் இடுப்பிலிருந்து எடுத்துத் தந்ததுபோல் சூடாக இருந்தது.

கதவுநிலையின் கீழே குந்தி அதைத் திறந்தேன். பெரியம்மா கொட்டில் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வழமைபோல உரத்துக் கதைக்கத் தொடங்கினேன்.

“உவர் இடக்கையர்.”

சுளகு நின்றது. “பின்னை?” என்றார் பெரியம்மா.

இடக்கையர் என்பது தேய்வைப் பார்த்துச் சொன்னது, அதில் மாயம் இல்லை. ஆனால் ஒரு பெரியாள் என் கதைக்குப் ‘பின்னை?’ என்று கேட்டது அதுதான் முதல்முறை. விடுவேனா?

“வெட்டிப்போட்டு அலகைத் துடையிலை துடைக்கிறவர்.”

“பின்னை?”

“பக்கத்திலை ஒரு நாய் நிக்குது. அதுக்கு ஒரு காது இல்லை.”

நாய் எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன். பெரியம்மாவின் கையிலிருந்து சுளகு விழுந்து அரிசி மண்ணில் கொட்டுண்டது. ஒரு மணி அரிசி நிலத்தில் விழுந்தாலும் பொறுக்கி எடுக்கிறவர், அதை மிதித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தார். “ஆற்றை கத்தியடி உது?”

“இவரின்ரை” என்றார் பெரியம்மா. பெரியப்பாவை அவர் அப்படித்தான் சொல்வார்.

அம்மா கத்தியைப் பறித்து மடித்தார், பிறகு திறக்கப் பார்த்தார். பெருவிரல் நகம் உடைந்ததுதான் மிச்சம். பெரியம்மாவிடம் நீட்டினார். “எனக்கு ஏலாது” என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைசியில் நான் வாங்கி நகத்தை வைத்தேன். டக். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக ஒரு பயம் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது.

இந்தக் கதை பக்கத்து வளவு மாமியின் காதுக்குப் போக ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. மாமியின் மகனும் காணாமல் போனவன். அவனைத் தேடி மாமி மை பார்க்கிறவரிடம் போய்வந்தவர். வெற்றிலையில் விளக்கு மை பூசிச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுப்பார்களாம். அந்தக் கறுப்புக்குள் தொலைந்த ஆள் தெரிவாராம். பெரியவர்களின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாதாம்.

“உங்கட பிள்ளைக்கு வெத்திலையே தேவையில்லை. கத்தியே கதைக்குது” என்றார் மாமி.

அடுத்தநாள் அம்மா கூலிக்கு மிளகாய் பிடுங்கப் போனதும் பெரியம்மா விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்து அலகில் பூசினார். என்னைக் கிழக்குப் பார்க்கக் கதவுநிலையில் இருத்தினார். உச்சி வெயில். காகம்கூடக் கத்தவில்லை. கறுப்பு அலகில் முதலில் என் கண் தெரிந்தது. நெடுகப் பார்க்க அது என் கண்ணாக இல்லை. மினுங்கி மினுங்கி யாரோ ஒருவர் தலையை அசைப்பதுபோல் இருந்தது. என் கை நடுங்கியிருக்கும், வேறென்ன என்று இப்போது சொல்லலாம். அப்போது அது ஆள்தான்.

“தெரியிறாரோ?”

“ஓம்.”

“என்ன செய்யிறார்?”

“படுத்திருக்கிறார்.”

பெரியம்மாவின் மூச்சு என் காதில் சுட்டது. “தண்ணி கேக்கிறாரோ, பிள்ளை?” என்றார்.

அந்த வெயிலில் எனக்கே தாகமாக இருந்தது. “ஓம். கேக்கிறார்” என்றேன்.

பெரியம்மா எழும்பிப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கத்திக்கு முன்னால் வைத்தார். “இப்ப குடிச்சவரோ?”

“இல்லை.”

ஏன் இல்லை என்றேன்? செம்புத் தண்ணீர் குறையாமல் அப்படியே இருந்தது, அதைப் பார்த்துச் சொன்னேன். எட்டு வயது நியாயம். பெரியம்மா எனக்கு ஒரு துண்டுப் பனங்கட்டி தந்துவிட்டு, அந்தத் தண்ணீரைப் பூவரச மரத்தடியில் மெல்ல மெல்ல ஊற்றினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் இதே வேலை. வேறு எதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் கடைசியில் ஒரே கேள்வி: தண்ணி குடிச்சவரோ? நான் இரண்டாம் நாளே ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். குடித்துவிட்டார் என்று சொன்னால் கதை முடிந்துவிடும். பெரியம்மா என் பக்கத்தில் குந்தமாட்டார், பனங்கட்டியும் வராது. ஆகையால் குடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். செம்பு உருண்டுவிட்டது என்றேன். கை எட்டவில்லை என்றேன். ஒருநாள், வாய் திறக்கிறார் ஆனால் தண்ணீர் வெளியே வழிகிறது என்றேன். பெரியம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மூன்று கிழமை அந்த மனிதரைத் தாகத்தில் வைத்திருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்ற சொல் காணாது.

பயமும் இல்லாமல் இல்லை. இரவு நான் கத்தியை மடித்துத்தான் பேணிக்குள் போடுவேன். விடியப் பார்த்தால் பன்னிரண்டும் மடிந்திருக்கும், பதின்மூன்றாவது மட்டும் திறந்து கிடக்கும். எண்ணெய் புதிதாகப் பூசியிருக்கும். என்னைத் தவிர யாருக்கும் திறக்காத கத்தி! பெரியப்பா வந்து திறக்கிறார் என்று முடிவுகட்டினேன். விடிந்து பேணி மூடியை ஒவ்வொரு நாளும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் திறப்பேன். திறந்து பார்க்காமலும் இருக்க முடியாது.

கடைசிக் கிழமையில் மாமியும் வந்து குந்தினார். மாமி பெரியம்மாபோல இல்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்.

“என்ரை பிள்ளை எப்ப வருவான்?”

பெரியம்மா மூன்று கிழமையில் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.  மாமியின் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை” என்றேன்.

நுணல் தன் வாயால் கெட்ட கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலை மாமி விரால் மீன் வாங்கினார். குளத்துக்குப் போகிற ஒருவரிடம் முதல்நாளே சொல்லிவைத்திருந்தாராம். குழம்பு வாசம் எங்கள் கொட்டில்வரை வந்தது. தலைக்குத் தோய்ந்து, நல்ல சேலை கட்டி, வாசல் படலையடியில் கதிரை போட்டு இருந்தார். பத்து மணிக்கு இருந்தார். மத்தியானம் வெயில் முகத்தில் அடித்தும் கதிரையை நகர்த்தாமல் இருந்தார். ரோட்டில் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்புவார், பிறகு இருப்பார். நான் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். ஒவ்வொரு சைக்கிளுக்கும் நானும் எட்டிப் பார்த்தேன். அவன் வந்துவிடவேண்டும் என்று நேர்ந்தேன். வந்துவிடுவானோ என்றும் பயந்தேன்.

பொழுது சாய்கிற நேரம் மாமி கோப்பையில் சோறும் விராலும் போட்டு எங்களிடம் கொண்டுவந்தார். ஏசுவார் என்று பார்த்தேன்.

“அவன் வரேல்லை. நீ சாப்பிடு, பிள்ளை. பழுதாப்போகும்” என்றார்.

அம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மாமி படலை தாண்டும்வரை பொறுத்திருந்தவர், பூவரசந் தடியை முறித்தார். “பொய் சொல்லுவியோ? அழுகிற சனத்திட்டைப் பொய் சொல்லுவியோ?” காலில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் நான் துள்ளினேன். இடையில் பெரியம்மா வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். மற்றக் கையில் அந்தக் கத்தி, திறந்தபடி.

“விடு. ஒருக்கால் கேக்கவேணும்.”

“உனக்கும் விசரோ அக்கா? இவள் சொன்னதெல்லாம் புளுகு!”

பெரியம்மாவுக்கு அது கேட்கவே இல்லை. என் முகத்துக்கு நேரே குந்தினார். “தண்ணி குடிச்சவரோ, பிள்ளை?”

அடி வலியில் எனக்குப் பனங்கட்டியும் வேண்டாம், பெரியப்பாவும் வேண்டாம். எப்படியாவது முடியட்டும் என்றிருந்தது. “குடிச்சிட்டார்! நிறையக் குடிச்சிட்டார்! போதுமாம்!” என்று கத்தினேன்.

“போதும் எண்டவரோ?”

“ஓம், பெரியம்மா.”

பெரியம்மா கத்தியை மடித்தார். அவ்வளவு லேசாக, விரலைப் பாராமலே மடித்தார். என் பால்மாப் பேணியையும் எடுத்துக்கொண்டு பின்வளவுப் பாழ்கிணற்றுக்குப் போய்ப் பதின்மூன்றையும் போட்டார். பிறகு எங்கள் கிணற்றடிக்கு வந்து, கட்டியிருந்த சேலையோடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். சாவீட்டிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் முழுகுவார்கள். வெக்கைக்கு முழுகுகிறார் என்று நான் நினைத்தேன். அழுது முடித்திருந்ததால் என் கத்திகளைப்பற்றித்தான் கவலை.

அடுத்தநாள் அவர் நெற்றியில் குங்குமம் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்த படிவத்தை எடுத்து, அம்மாவிடம் பேனை வாங்கி, இறந்துவிட்டார் என்ற இடத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுத்து நடுங்கவில்லை. அம்மா அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் புளுகு வெளிப்பட்டதால்தான் அக்கா மனம் விட்டுப்போனார் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்து, குசினிக்குப் பின்னால் ஒளிந்து திரிந்தேன்.

அந்தக் கத்தி தந்த பிறகு புரட்டாதியில்தான் இரும்பு மாமா இந்தப் பக்கம் வந்தார். என் பதின்மூன்று கத்தியும் கிணற்றுக்குள் போய்விட்டன என்று சொல்லி அழுதேன். எல்லாம் போனாலும் பரவாயில்லை, அந்தக் கொம்புப்பிடிக் கத்தி மாதிரி இன்னொன்று கொண்டுவாருங்கோ என்று கெஞ்சினேன்.

அவர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு என் பக்கத்தில் குந்தினார். “அது எங்கிட்ட கெடந்த கத்தி இல்ல பாப்பா. ஒங்க பெரியம்மாதான் ரோட்டு மொனையில நின்னு குடுத்துச்சு. அன்னைக்கு வரைக்கும் தெனம் எண்ணெ போட்டு சேலைத் தலைப்புல முடிஞ்சே வச்சிருந்துச்சாம். பிள்ளைக்குக் குடுங்க, நான் குடுத்தேன்னு சொல்லாதீங்கன்னுச்சு. ஏதும்மா இதுன்னு கேட்டேன். மண்ணு மூடுறதுக்கு முன்ன அவரு இடுப்புலருந்து எடுத்தேன்னு சொல்லுச்சு. அதுக்கு மேல நான் கேக்கல.”

மண், இடுப்பு என்றதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. ஏறியது ஒன்றுதான். பெரியம்மாவிடம் கத்தி இருந்திருக்கிறது! நான் துருப்பிடித்த கத்திக்கெல்லாம் குடைக்கம்பி தேடி வேலி வேலியாக அலைவதைப் பார்த்துக்கொண்டு, இருக்கிறதுகளுக்குள் நல்ல கத்தியை ஒன்றரை வருடம் சேலைத் தலைப்பில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார். எவ்வளவு கள்ளத்தனம்!

மூன்று நாள் நான் பெரியம்மாவோடு கதைக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவர் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டார். ஏன் கதைக்கிறாய் இல்லை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.